கட்டை என்னவென்று கேட்கிற கடை

புல்லாங்குழலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கர்நாடக இசைக்கான குழலில் விரல் துளைகள் எட்டு. வடக்கத்தி பான்சுரியில் ஆறு, சிலவற்றில் ஏழு. இணையத்தில் 'புல்லாங்குழல்' என்று தட்டினால் வரிசையாக வந்து விழுவதில் பெரும்பாலானவை ஆறு துளைதான். மயிலிறகு செருகியது, குஞ்சம் கட்டியது, உறையோடு வருவது என்று விதவிதமாக இருக்கும், விலையும் சல்லிசு. பிள்ளை அதை எடுத்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போகும். வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைப்பார்.

விஷயம் தெரிந்த கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே "என்ன கட்டை?" என்பார். 1 கட்டை என்றால் மேற்கத்திய கணக்கில் ஸி. 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. தந்தி வாத்தியம் என்றால் முறுக்கி ஏற்றலாம், இறக்கலாம். குழலில் அது நடக்காது. மூங்கிலை அறுத்துத் துளை போட்ட அன்றே அதன் சுருதி முடிவாகிவிட்டது. பெற்றோருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விழிப்பார்கள். "வாத்தியாருக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க சார், நான் பேசிக்கறேன்" என்று கடைக்காரர் கையை நீட்டுவார். கடையில் நூறு இருநூறு கூடுதலாகக் கொடுப்பது அந்த போனுக்குத்தான்.

*

மலிவா, கடையா என்ற குழப்பம் இணையத்தோடு பிறந்ததல்ல. அண்ணா சாலையில் இன்றைக்கும் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை. பியானோ காலத்துக் கடை. எண்பதுகளில் அந்த மாதிரிக் கடைகளின் கண்ணாடிக்கு வெளியே நின்று கீபோர்டைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து பர்மா பஜாருக்குப் போனவர்கள் ஏராளம். சிங்கப்பூரிலிருந்து 'குருவிகள்' என்ற சாமான் சுமப்பவர்கள் கொண்டுவந்து இறக்கிய காசியோக்கள் அங்கே கிடைக்கும். ரசீது கிடையாது, வாரண்டி கிடையாது, பேரம் மட்டும் உண்டு. ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்குச் செய்த பீஸாக இருந்தால் அதற்கு 100 வோல்ட்தான். தெரியாமல் நம் 230-இல் சொருகினால் அன்றோடு கதை முடிந்தது. அப்புறம் ரிச்சி தெருவில் யாராவது ஒரு கைராசிக்காரரைத் தேடி அலைய வேண்டும்.

மெல்லிசைக் குழுக்காரர்கள் பலர் அப்படித்தான் தொழிலைத் தொடங்கினார்கள். கடையில் வாங்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கல்யாணக் கச்சேரி வருமானத்தில் கடை விலைக்குக் கீபோர்டு வாங்க வேண்டுமென்றால் முகூர்த்தங்கள் எத்தனையோ கடக்க வேண்டும்.

இப்போது யமஹாவே சென்னைக்குப் பக்கத்தில் ஆலை போட்டு 2019 முதல் கீபோர்டு செய்கிறது. ஒரே ஆலையில் செய்த ஒரே மாதிரிப் பெட்டிதான் கடைக்கும் போகிறது, இணைய வியாபாரியின் கிடங்குக்கும் போகிறது. உள்ளே இருப்பதில் இம்மியும் வித்தியாசம் இல்லை. ஆகவே கீபோர்டைப் பொறுத்தமட்டில் என் கட்சி சுலபம்: எங்கே குறைவோ அங்கே வாங்கலாம். கம்பெனி வாரண்டி செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கட்டைகளை மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிக்கிற வகையா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். ஆரம்ப விலை மாடல்கள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. வாத்தியார்கள் கேட்பதோ அதைத்தான்.

மரம், தோல், மெழுகு, மண் இவை வந்துவிட்டால் கதை வேறு.

*

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, நுனியில் யாளி முகம். இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். வாசிப்பவர் கண் போவது மெட்டுகளின் மேல். 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையின் மேல் பதித்தவை. ஆணி கிடையாது, திருகு கிடையாது. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு, நூலளவு நகர்த்தி, இடம் பார்த்து அழுத்துவார்கள். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். கட்டத் தெரிந்தவர்கள் எங்கேயும் ஏராளமாக இல்லை.

தேன்மெழுகு உருகுவதற்கு அறுபது டிகிரிக்குச் சற்று மேல் சூடு வேண்டும். இளகுவதற்கு அவ்வளவு வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில், தகரம் போர்த்திய பார்சல் வண்டிக்குள், பகல் முழுக்க ஒரு வீணை கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே கீறல்கூட இருக்காது. பெட்டியைத் திறந்து படம் எடுத்து "நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்று ஐந்து நட்சத்திரமும் போடலாம். வாசித்தால் காந்தாரம் காந்தாரமாக இருக்காது.

சரி, கடையில் வாங்கினால் மெழுகு இளகாதா? இளகும். வீட்டிலேயே சன்னலோரம் வைத்தாலும் இளகும், வயதானால் இறுகி வெடிக்கவும் செய்யும். மேளம் மறுபடி கட்டத்தான் வேண்டும். அப்போது யாரைக் கூப்பிடுவது என்பதுதான் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்களே இப்போது வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா கேட்டால், வீடியோவில் ஒவ்வொரு மெட்டாக மீட்டிக் காட்டி, சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, மரப்பெட்டி அடித்து அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தாலும் எடுத்து, எந்தப் பிருடையை எப்படித் திருக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இதுவும் இணைய வியாபாரம்தானே? ஆகவே எனக்குக் கடையா இணையமா என்பது சண்டையே அல்ல. விற்ற பிறகும் அந்தக் கருவிக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் பார்க்கிறேன்.

*

வயலின் சுருக்கமாக. வில், ரோசின், பெட்டி எல்லாம் சேர்த்து சில ஆயிரத்துக்கு வரும் செட். வயலினில் குதிரையை ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சியும் அப்படியே. அனுப்பும்போது தந்தியைத் தளர்த்திவிட்டால் இரண்டும் விழ வாய்ப்புண்டு. பெட்டியைத் திறக்கும் வீட்டுக்காரர், உள்ளே உருளும் குச்சியை உடைந்த துண்டு என்று நினைத்துத் தூக்கிப் போட்ட கதைகளைக் கேட்டிருக்கிறேன். போதாக்குறைக்கு அதில் வரும் தந்திகள் மேற்கத்திய சுருதிக்கு ஏற்றவை. நமக்கு ச-ப-ச-ப. பாடுகிறவரின் கட்டைக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வேண்டும். தந்தியின் கனத்தை அதற்குத் தோதாக மாற்றிப் போட, கர்நாடக வயலின் பழகிய ஒரு கை தேவை.

*

மிருதங்கம்.

வலந்தலையின் நடுவே கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அது பூச்சு அல்ல. கிட்டான் கல்லை இடித்துச் சலித்து, சோற்றோடு குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. வாசிக்க வாசிக்கத் தேயும், உதிரும். மறுபடி வைக்க வேண்டும். மூட்டு போகும், வார் தளரும். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இதில் இருக்கின்றன. மூன்றுக்கும் மழையும் வெயிலும் வேறுவேறாகப் படும். மிருதங்கத்தை ஒரே தடவை வாங்கி முடித்தவர் யாருமில்லை. காலமெல்லாம் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொண்டே இருக்க வேண்டும்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைப் பற்றிப் பேசும்போது தஞ்சாவூர் பர்லாந்தின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர் பர்லாந்து. இந்த நாதம் வேண்டும் என்று வித்வான் கேட்க, இப்படிச் செய்து பார்க்கிறேன் என்று அவர் தோலோடு மல்லுக்கட்ட, அப்படி வந்தது அந்த ஒலி. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதியபோதுதான் பல ரசிகர்களுக்கு இந்தப் பெயர்கள் முதன்முதலாகக் காதில் விழுந்தன. அந்தக் குடும்பத்தினர் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் வாசித்த மிருதங்கத்துக்குக் கைதட்டிய சபையில் அவர்களுக்கு நாற்காலி போட்டதாக நான் கண்டதில்லை.

இணையத்தில் மிருதங்கம் விற்கும் பக்கத்தைத் திறந்தால் நீளம், எடை, நிறம், உறை இலவசமா என்ற விவரமெல்லாம் இருக்கும். கட்டை இருக்காது. செய்தவர் பெயர் இருக்கவே இருக்காது. இந்த இரண்டாவது விஷயத்தில் கடைகளைத் தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. கடையும் தன் பெயரைத்தான் உறையில் அச்சடிக்கிறது. மூட்டுப் பிடித்தவர் பெயர் பின்கட்டோடு நின்றுவிடுகிறது. மிருதங்கம் வாங்குகிறவர்கள் முடிந்தால் கடையையும் தாண்டி, செய்கிறவரின் வீட்டு வாசலுக்கே போக வேண்டும். தஞ்சாவூரிலும் மயிலாப்பூரிலும் அது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை.

*

நாகஸ்வரக்காரர்களிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது, சிரிப்பார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் (2022-இல் புவிசார் குறியீடு) ஆச்சா மரத்தில் கடைந்தது. பழைய வீட்டு உத்தரக் கட்டை கிடைத்தால் இன்னும் விசேஷம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து உட்கார்ந்து துளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் இன்றைய பாரி நாகஸ்வரம் உருவானது. ஊதுகிறவரும் கடைகிறவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கேட்கவே வேண்டாம். கொத்தாக வாங்கி, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்து, ஒத்து வருவதை வைத்துக்கொள்வார்கள்.

மானாமதுரை கடமும் அந்த ரகம். சூளையிலிருந்து இறங்கிய பிறகு அதன் சுருதி கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. வரிசையாக வைத்துத் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டிய பண்டத்தின் படத்தைப் பார்த்து எப்படி எடுப்பது?

*

கிட்டார் பக்கம் வருகிறேன். இளைஞர்கள் இணையத்தில் அதிகம் வாங்குவது இதைத்தான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ஏமாறுவது என்றால் போலி என்று அர்த்தமில்லை. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் கிட்டார்கள் இப்போது உண்மையாகவே தரமாக வருகின்றன. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் பலகைக்கும் இடையே உள்ள உயரம், அதாவது ஆக்‌ஷன், இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கு இதம். பெட்டியிலிருந்து எடுத்தபடியே பார்த்தால் பலவற்றில் அது மூன்றைத் தாண்டும். பையன் ஒரு வாரம் அழுத்துவான். விரல் நுனி கன்றிப்போகும். எஃப் கார்டு வராது. தனக்கு இசை வராது என்று முடிவு கட்டி அலமாரி மேல் ஏற்றிவிடுவான். வராதது இசை அல்ல, ஆக்‌ஷன் இறங்காததுதான் கோளாறு. கழுத்துக்குள் ஓடும் கம்பியைக் கால் சுற்று திருகி, குதிரையில் இருக்கும் சட்டத்தைக் கொஞ்சம் ராவிவிட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

ஈரப்பதம் இன்னொன்று. கிட்டார் மரத்துக்குச் சுகமான ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னைக் கடற்கரைக் காற்றில் அது 70-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பலகை உப்பும், கழுத்து வளையும். கடைச் சுவரில் மாதக்கணக்காகத் தொங்கிய கிட்டார் வளைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வளைந்திருக்கும், கண்ணால் பார்த்து எடுக்கலாம். குளிர்ந்த கிடங்கிலிருந்து நேராக வருவது நம் வீட்டுக்கு வந்துதான் வளையத் தொடங்கும்.

தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், இங்கே வாசித்துப் பார்த்துவிட்டு போனில் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வராதா என்று.

"வராம இருக்குமா? என் கண்ணு முன்னாடியே போட்டோ எடுப்பாங்க. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் ஆக்‌ஷன் இறக்க நம்மகிட்டதானே வர்றாங்க."

"செஞ்சு குடுப்பீங்களா?"

"குடுப்பேன். கூலி வாங்கிக்குவேன். நம்ம கடையில வாங்கினவங்களுக்கு அது சும்மா."

இங்கேதான் கடைக்காரர்கள் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். சும்மா செய்வதால் அது வாங்குகிறவர் கண்ணில் படுவதே இல்லை. கிட்டார் இவ்வளவு, செட்டப் கூலி இவ்வளவு, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு முறை சரிபார்க்க இவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதட்டும். அப்போது இணைய விலையோடு கிட்டார் விலையை மட்டும் ஒப்பிடலாம். வித்தியாசம் பலரையும் வாயைப் பிளக்க வைக்கிற அளவுக்குக் குறைந்துவிடும்.

*

கடைகளின் மேல் எனக்கிருக்கும் புகார் இதோடு முடியவில்லை. "தொடாதீங்க" என்று போர்டு மாட்டிய இசைக்கருவிக் கடையை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை. பதினாறு வயதுப் பெண் கிட்டாரை எடுத்தால், கூட வந்த அப்பாவிடம் பேசுகிறார்கள். மேல்வரிசையில் இருப்பதைக் கேட்டால் "வாங்கறதா இருந்தா எறக்கறேன்" என்கிறார்கள். ஒரு செட் தந்தி கேட்டால் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள். எம்.ஆர்.பி.யை அப்படியே சொல்லிவிட்டு, நாம் முகம் சுளித்ததும் ஆயிரம் ரூபாய் குறைப்பது அதைவிட மோசம். குறைக்கச் சொல்லாமல் வாங்கிப் போனவர் இளிச்சவாயர் என்றுதானே அர்த்தம்? இப்படிப்பட்ட கடை மூடிப்போனால் இணையத்தைத் திட்டிப் பயனில்லை. பெட்டியை மட்டும் நகர்த்துவதில் கிடங்கோடு போட்டி போட யாராலும் முடியாது.

*

அமெரிக்காவில் சாம் ஆஷ் என்ற இசைக்கருவிக் கடைச் சங்கிலி 1924-இல் புரூக்ளினில் தொடங்கியது. சரியாக நூறாண்டு. 2024-இல் எல்லாக் கிளைகளையும் மூடினார்கள். ஜெர்மனியில் கதை தலைகீழ். பவேரியாவில் ட்ரெப்பென்டார்ஃப் என்ற குக்கிராமத்தில் 1954-இல் தொடங்கிய தோமன் குடும்பக் கடை, தொண்ணூறுகளில் இணையத்தில் ஏறி, இன்று ஐரோப்பா முழுவதற்கும் அந்தக் கிராமத்திலிருந்தே அனுப்புகிறது. கடையை மூடவும் இல்லை. அதே ஊரில் போய்த் தொட்டு வாசித்து வாங்கலாம், பழுது பார்க்கும் பட்டறையும் உண்டு. கடை வேறு, இணையம் வேறு என்று நாம் கட்சி பிரிப்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

*

இணையம் தெய்வமாக வந்த இடங்களும் உண்டு. மாவட்டத் தலைநகரிலேயே ஒரு ஹார்மோனியமும் நாலு தபேலாவும் மட்டும் தொங்கும் கடைகள் இருக்கிற நாடு இது. அங்கிருந்து ஒருவர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, வீட்டிலேயே பாட்டைப் பதிவுசெய்து வெளியிடுகிறார் என்றால் அது இணையத்தால்தான். கேபிள், ஸ்டாண்டு, கேபோ, ஹெட்போன் இவற்றுக்காக யாரும் மனசாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுருதிப் பெட்டி வாங்குவதே குறைந்துவிட்டது, போனில் தம்பூரா ஒலிக்கிறது. காதுக்கு அது போதுமா என்பது வேறு வழக்கு.

மைக் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. ஷ்யூர் எஸ்.எம். 58 என்ற மைக் 1966-இலிருந்து மேடைகளில் இருக்கிறது. அதனாலேயே உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அதுவும் ஒன்று. பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பாதி விலைக்குக் கிடைத்தால் அது எஸ்.எம். 58 இல்லை. கிட்டார் தந்திகளிலும் இதே கூத்து. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் யார் என்று கம்பெனியின் பக்கத்திலேயே பார்த்துவிடலாம், இரண்டு நிமிடம்.

*

கடையில் பொருள் மட்டுமா இருக்கிறது? கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிய சீட்டுகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். கீபோர்டு வாசிக்க ஆள் தேவை. பழைய ஆக்டோபேட் விற்பனைக்கு, ஒரே கை. வீட்டுக்கு வந்து வயலின் கற்றுத்தரப்படும். சனிக்கிழமை மாலையில் போனால் டிரம்மர் ஒருவர் குச்சி வாங்க வந்திருப்பார், சர்ச் பாடகர் குழுவிலிருந்து ஒருவர் வந்திருப்பார், இருவரும் பேசிப் பேசி அடுத்த மாதம் ஒரே மேடையில் நிற்பார்கள். இதற்கெல்லாம் பில் போட முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

*

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கடையில் எடுத்து வாசித்துப் பார்த்த கருவியைக் கடையிலேயே வாங்குங்கள். இணைய விலையை மறைக்காமல் காட்டிப் பேரம் பேசுங்கள், தவறே இல்லை. செட்டப்பும் ஒரு செட் தந்தியும் சேர்த்துக் கேளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் தொட்டுப் பார்க்காமலேயே இணையத்தில் வாங்கிக்கொண்டு, வந்ததும் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோய், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.